கல்லறையில் ஒரு கை

என் வலது கை சேலத்தில், எங்கள் பங்குக் கோவில் கல்லறைத் தோட்டத்தில், அப்பாவின் குழியில் கிடக்கிறது. மிச்சமுள்ள நான் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு வாடகை வீட்டில் இருக்கிறேன். இதைச் சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் அங்கே புதைத்த கை இங்கே வலிக்கிறது.

முழங்கைக்குக் கீழே எனக்கு ஒன்றுமே இல்லை. சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்தியிருக்கிறேன். ஆனால் ஒன்றுமில்லாத அந்த இடத்தில் என் முஷ்டி இறுக மூடியிருக்கிறது. நகங்கள் உள்ளங்கையைக் குத்துகின்றன. இருக்கிற முஷ்டி என்றால் மற்ற கையால் பிரித்துவிடலாம். இல்லாத முஷ்டியை எப்படிப் பிரிப்பது? எட்டு மாதமாக நான் அதற்குள் மாட்டிக்கொண்டு கிடந்தேன். டாக்டர் கொடுத்த மாத்திரையில் தூக்கம் வந்தது, தூக்கத்திலும் வலித்தது.

விபத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’ என்ற எழுத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து, ஜன்னல் கம்பியை வெளிப்பக்கமாகப் பிடித்திருந்தேன். எதிரே மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒட்டி வந்தது. படித்த முட்டாளுக்கு அது போதும்.

நான் தோமினிக். இங்கே ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாகத் தத்துவம் நடத்துகிறேன். வேறு பாடத்தில் இடம் கிடைக்காத பதினோரு பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் வாய் கிழியச் சொல்லித் தருவது நானூறு வருடத்துக்கு முந்திய ஒரு பிரெஞ்சுக்காரரின் கொள்கை. உடம்புக்கு நீளம் அகலம் உண்டு, மனதுக்கு இடமே கிடையாது, இரண்டும் வேறு வேறு என்பார் அவர். அழுகிய கையை வெட்டி எடுத்த பிறகும் விரல் வலிக்கிறது என்று அழுத ஒரு பெண்ணை அவர் உதாரணம் காட்டுவார். நான் அதற்குப் பழைய டவுன் பஸ்ஸின் மணிக்கயிற்றைச் சொல்வேன். கயிற்றைப் பின்னால் இழுத்தாலும் நடுவில் இழுத்தாலும் மணி டிரைவர் பக்கத்தில்தான் அடிக்கும். வலியும் அப்படித்தான், விரலில் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். இந்த வருடம் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டேன். சிரிக்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது என் மச்சான் ஜெபஸ்டின் ஒரு விஷயம் சொன்னான். ஆஸ்பத்திரியில் கையை வாங்கிப் போய்ப் புதைத்தவன் அவன்தான். கடைசி நாளில் உடம்போடு உயிர்த்தெழும்போது கையும் வேண்டுமே என்று எங்கள் ஆட்கள் இதையெல்லாம் விடமாட்டார்கள். தனிக் கைக்கு என்ன சடங்கு என்று யாருக்கும் தெரியவில்லையாம். இறந்தவர் கையில் ஜெபமாலை வைப்பது வழக்கமாயிற்றே என்று, என் உள்ளங்கையில் ஜெபமாலையை வைத்து, விரல்களை மடக்கி, வெள்ளை நூலால் இறுக்கிக் கட்டிப் பெட்டியில் வைத்தானாம். நல்லது செய்ததாகத்தான் நினைத்துச் சொன்னான்.

ஃபாத்திமா மாதாவின் பெயர் கொண்ட என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அதுதானுங்க. கட்டிப் போட்டா வலிக்காதா பின்ன?”

குழியைத் திறந்து கட்டை அவிழ்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நான் கத்தினேன். இதற்குச் சம்மதித்தால் என் இருபத்திரண்டு வருடப் பாடத்தைக் கிழித்துப் போட வேண்டியதுதான் என்றேன். அவள் நேராகப் போய்ப் பங்குச் சாமியாரைப் பார்த்தாள். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, கூட்டம் சேர்க்காமல் செய்யுங்கள் என்றாராம். பத்து நாளில் நான் தோற்றேன். வலி அப்படி. ஆனால் நான் வரமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளும் ஜெபஸ்டினும் போனார்கள். குழி தோண்டும் கண்ணுசாமியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். நான் விடைத்தாளை முன்னால் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பிக்கையால் அல்ல, சும்மாதான். பத்து ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. முஷ்டி மூடியே இருந்தது. எதிர்பார்த்ததுதான் என்றாலும் அழுகை வந்தது.

பன்னிரண்டேகாலுக்கு அவள் வந்தாள். கால் கழுவிவிட்டு என் எதிரில் வந்து நின்றாள்.

“கட்டை அவுத்துட்டனுங்க. செபமாலையை எடுத்துட்டேன். ஒவ்வொரு வெரலா நீட்டி வெச்சுட்டு வந்துருக்கறேன்.”

சுண்டுவிரல் முதலில் விரிந்தது. பிறகு மோதிர விரல். இல்லாத விரல்கள் ஒவ்வொன்றாகச் சோம்பல் முறித்தன. அவள் இடுப்பில் முகம் வைத்து நான் சத்தம் போட்டு அழுதேன். எட்டு மாதத்தில் அன்றுதான் அவளும் பகலில் கண்ணயர்ந்து தூங்கினாள்.

நான்கு நாள் சொர்க்கம். புதன்கிழமை, விட்டுப்போன பக்கத்தை எடுத்து வகுப்பில் உற்சாகமாக நடத்தினேன். மணிக்கயிற்றுக்கு வந்தபோது இனியா என்ற பெண் எழுந்து, மணி அடித்த நேரத்தை வைத்துக் கயிறு எப்போது இழுக்கப்பட்டது என்று கண்டுபிடிக்கலாமா சார் என்று கேட்டாள். கண்டுபிடிக்கலாம் என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றேன்.

பத்தரைக்கெல்லாம் குழியை மூடிவிட்டதாக ஜெபஸ்டின் சொல்லியிருந்தான். அதன்பிறகு கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றி, கடைக்குப் போய்க் காய் வாங்கி வந்தார்கள். என் முஷ்டி விரிந்தது பன்னிரண்டேகாலுக்கு. கட்டை அவிழ்த்ததால் விரிந்தது என்றால் பத்தரைக்கே விரிந்திருக்க வேண்டும். அவள் வாயைத் திறந்த பிறகுதானே விரிந்தது?

புத்தியுள்ளவன் அதோடு வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவளைக் குடைய ஆரம்பித்தேன். குழிக்குள் என்ன பார்த்தாய், நூல் எந்தப் பக்கம் முடிச்சுப் போட்டிருந்தது என்று வரிசையாகக் கேட்டேன்.

“நல்லாயிருக்குதுல்லங்க? அத்தோட உடுங்களேன்.”

விடவில்லை. எனக்கு உண்மை தெரிந்தாக வேண்டும் என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“நூலே இல்லீங்க. மக்கிப் போச்சு. எலும்புதான் கெடந்துது, அதும் தனித்தனியா விரிஞ்சு. நான் நீட்டறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லீங்க. கட்டு உட்டுப் போயி மூணு மாசமாச்சும் இருக்கும்னு கண்ணுசாமியண்ணன் சொன்னாரு.”

மூன்று மாதமாக அந்தக் கை விரிந்துதான் கிடந்திருக்கிறது. மூடி வைத்திருந்தவன் நான். வலி கையில் இல்லை என்று நான் நடத்திய பாடம் எழுத்துக்கு எழுத்து சரி. என் வலி இருப்பது இடமே இல்லாத ஓரிடத்தில். அங்கே தோண்ட மண் கிடையாது, தோண்டித் தரக் கண்ணுசாமியும் கிடையாது. இதை நினைத்து முடிப்பதற்குள் சுண்டுவிரல் மடங்கியது. பிறகு மோதிர விரல். கட்டைவிரல் கடைசியாக வந்து மேலே அழுத்தியது.

ஃபாத்திமா என் வெறும் சட்டைக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு நாளில் அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு கொஞ்சம் குறைந்திருந்தது.

“பொய் சொன்னதுக்குச் சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கறேன். மறுபடி மூடிக்கிச்சுங்களா?”

“இல்ல,” என்றேன். “விரிஞ்சேதான் இருக்குது.”

அவள் சிலுவை போட்டுக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். இனி வலிக்கிறது என்று அவளிடம்கூட என்னால் சொல்ல முடியாது.