யார் மாட்டியது இதை?

இங்கிலாந்தின் கீத்லி ஊரில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடித்தாலும் அலெக் த்வெய்ட் வீட்டு பாய்லர் அணைந்துவிடும். காற்றே இல்லாத நாளிலும் சில சமயம் அணையும். அது அதன் மனநிலையைப் பொறுத்தது. குழாய்க்கு வெந்நீரும் அறைகளுக்குக் கதகதப்பும் சமையலறைச் சுவரில் தொங்கிய அந்தப் பெட்டி தயவில்தான். அதற்குள் ஒரு சின்னச் சுடர் எப்போதும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். எரியாது.

"அலெக், போயிருச்சு" என்று மனைவி கிளெனிஸ் கீழேயிருந்து குரல் கொடுப்பாள். அலெக் பதவியேற்கப் போகிற மந்திரி மாதிரி படியிறங்கி வருவார். குமிழை அமுக்கிப் பிடிப்பார், மூச்சையும் பிடிப்பார், இடது கையால் பெட்டியின் விலாவில் ஒரு குத்து விடுவார். எந்த இடத்தில் குத்துவது என்பது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். 'டுப்' என்று சத்தம் வரும். சுடரும் வரும்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றபின் அந்த வீட்டில் அவருக்கு மிச்சமிருந்த ஒரே உத்தியோகம் இதுதான். அடுப்புப் பக்கம் மனைவி அவரை விடமாட்டாள். தோட்டத்தில் அவர் கால் வைத்தால் செடிகளே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் கிளெனிஸ் "புதுசு வாங்கிரலாம்" என்று சொல்லும்போதெல்லாம், பாய்லரை அல்ல, தன்னையே கழற்றி வாசலில் வைக்கப் போகிறாள் என்பதுபோல் அவர் பெட்டியை மறைத்து நின்றுகொள்வார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை குத்து பலிக்கவில்லை. மறுபக்கமும் குத்திப் பார்த்தார். கைதான் வீங்கியது. பாய்லர்காரன் கேவினுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதாயிற்று.

கேவின் முதலில் டீ கேட்டான், இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு. பிறகு பெட்டியின் மூடியைக் கழற்றி, பல்லிடுக்கு வழியாக 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தான். இழுப்பு எவ்வளவு நீளமோ செலவும் அவ்வளவு நீளம் என்பதால் அலெக்கும் கூடவே மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"யாருங்க இதை மாட்டுனது?" என்று கிளெனிஸைக் கேட்டான்.

இதுவும் ஒரு சம்பிரதாயம். முன்னால் வேலை பார்த்தவனை நாலு திட்டு திட்டாமல் அந்த ஊரில் யாரும் திருப்புளியைக் கையில் எடுப்பதில்லை.

"குழாயைப் பாருங்க, தூக்கத்துல வளைச்ச மாதிரி. புகைபோக்கி காத்துக்கு நேரா வாயைத் தொறந்துக்கிட்டு நிக்குது. சுடர் எப்படி நிக்கும்? இவனையெல்லாம் யாரு வேலைக்கு விட்டது?"

"உங்கப்பாதான்," என்றாள் கிளெனிஸ்.

"எங்கப்பா இப்படி மாட்ட மாட்டாரே."

"அவரு மாட்டல. வேன்ல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தாரு. மாட்டுனது நீ. அப்ப உனக்குத் தலை நிறைய முடி."

கேவினின் காது சிவந்தது. நனைக்கப் போன பிஸ்கட் டீக்குள் விழுந்து மூழ்கியது. அதை அவன் தேடக்கூட இல்லை.

"சரி விடுங்க," என்றான் ஒருவழியாக. "பழைய சாமான் வச்சிருக்கவங்ககிட்ட பாகம் தேடிப் பிடிக்கிறேன். கூலி வேணாம். இன்னும் ரெண்டு மூணு குளிர்காலம் ஓடும். அப்பப்ப அணையத்தான் செய்யும். புதுசுன்னா அந்தத் தொல்லை இல்ல, தானே பத்திக்கும்."

தானே பத்திக்கும். அலெக் 'ரிப்பேர்' என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கிளெனிஸ் முந்திக்கொண்டாள்.

"ரிப்பேரே பண்ணிரு, கேவின்."

"என்ன திடீர்னு?" என்றார் அலெக். "ரெண்டு வருஷமா புதுசு புதுசுன்னு உசிர வாங்குன."

"அது தானே பத்திக்கிச்சுன்னா காலையில நீ எதுக்கு எந்திரிப்ப? நாள் பூரா என் காலைத்தான் சுத்திக்கிட்டுக் கிடப்ப."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சூடான டீக் கெட்டிலை இரண்டு கையாலும் அணைத்தபடி நின்றாள். விரல்நுனிகள் இரத்தம் வற்றி மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. குளிரில் அவள் விரல் அப்படி ஆகும் என்பது அலெக்குக்குத் தெரிந்த விஷயம்தான். தினமும் காலையில் அவர் பெட்டியோடு வித்தை காட்டிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் அவள் இப்படித்தான் நின்றிருப்பாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"புதுசே மாட்டு," என்றார் கேவினிடம். "இந்தத் தடவை முழிச்சிருந்து மாட்டு."

புது பாய்லர் வந்தது. முதல் நாள் காலை அலெக் பழக்கதோஷத்தில் இறங்கிவந்து அதன் முன்னால் நின்றார். ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விலாவில் மெல்ல ஒரு தட்டு தட்டினார், அறிமுகத்துக்காக. அது கண்டுகொள்ளவில்லை.

திரும்பும்போது கூடத்துச் சுவரில் கேவின் புதிதாகப் பொருத்தியிருந்த வெள்ளை வட்டு கண்ணில் பட்டது. வீடு எவ்வளவு சூடாக இருக்கவேண்டும் என்று திருகி வைக்கிற சாதனம். இருபத்து மூன்று டிகிரியில் இருந்தது. வீட்டுக்குள் என்ன வாழைப்பழமா பழுக்க வைக்கிறோம்? சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பதினெட்டுக்குத் திருகினார். விரல்கள் நினைவுக்கு வந்தன. இருபதுக்கு ஏற்றினார்.

"அலெக், அதைத் தொட்டியா?" சமையலறையிலிருந்து குரல்.

"நானா? நான் எதுக்குத் தொடறேன்?"

கிளெனிஸ் வந்தாள், இருபத்து மூன்றுக்குத் திருப்பினாள், அவர் முகத்தைப் பார்க்காமல் மாடிப்படி ஏறினாள். "நான் குளிக்கப் போறேன். வர ரொம்ப நேரமாகும்," என்று மேலேயிருந்து, யாரும் கேட்காமலே, சொன்னாள்.

அலெக் புது உத்தியோகத்தில் சேர்கிறவர் மாதிரி ஒரு நாற்காலியை இழுத்துவந்து கூடத்தில் வட்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.