பின்சுவர், இடது மூலை

நாலாவது ஓட்டையைப் போட்டபோது செங்கல் தூள் நேராக விஜயராணியின் தலையில் கொட்டியது. ஸ்டூலை அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "பூசைக்குக் குளிச்சிட்டுப் போன தலைங்க இது" என்றாள். மிஷினை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்த சார்லஸ் சிரித்துவிட்டான். "செம்மண்ணுல பொரண்ட கோழி மாதிரி இருக்குறடி."

சார்லஸ் இருபது வயதில் பாகூரில் ஒரு சவுண்டு சர்வீசில் வேலை பார்த்தவன். வீராம்பட்டினம் தேருக்குத் தென்னை மரம் தென்னை மரமாக ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறான். இப்போது திருவாண்டார்கோயில் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறான். ஆனாலும் தெருவில் யார் வீட்டு டிவி கரகரத்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். சொந்த வீட்டில் நாலு மூலைக்கும் ஸ்பீக்கர் பெட்டி மாட்டி நடுவில் உட்கார்ந்து படம் பார்க்கவேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மகள் அருள்மொழி சென்னையில் வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதம் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று வாசலில் வந்து இறங்கியது. இரண்டு நாள் அதைப் பிரிக்க மனமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தான். வேனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு.

முன்னால் டிவிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, பின்சுவரின் இரண்டு மூலைகளிலும் ஒவ்வொன்று. ஒயரை விட்டத்தோரமாக இழுத்து ஆணி அடித்து முடித்தபோது மணி பன்னிரண்டாகிவிட்டது. ஹாலின் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, "வா, இதுல உக்காரு" என்றான். செல்போனில் ஒரு பெட்டியின் படத்தைத் தொட்டால் அது மட்டும் உஸ்ஸென்று இரையும். "கண்ண மூடிக்கோ. சத்தம் எங்கேருந்து வருதோ அங்க கைய நீட்டு. எங்க மொதலாளி இப்பிடித்தான் டெஸ்ட் பண்ணுவாரு."

"அடுப்புல கொழம்பு இருக்குது."

"அஞ்சே நிமிசம்டி."

அவன் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். செல்போனில் பின்பக்க வலது பெட்டியைத் தொட்டான். கை சரியாக வலது மூலைக்கு நீண்டது. இடது பெட்டியைத் தொட்டான். அதற்கும் வலது மூலைக்கே நீண்டது.

ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தான். இத்தனை வருஷ அனுபவத்தில் இப்படிச் செய்ததில்லை. தன்னையே திட்டிக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறி இரண்டையும் மாற்றிச் சொருகினான். மறுபடி சோதித்தான். இரண்டு முறையும் அவள் கை வலது பக்கமே போனது. எரிச்சலோடு இடது மூலைக்குப் போய் ஸ்டூலில் ஏறி, பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அது இரையும்வரை செல்போனில் படங்களை ஒவ்வொன்றாகத் தொட்டான். உள்ளங்கையில் பெட்டி அதிர்ந்தது. சத்தம் அவன் முகத்திலேயே அடித்தது. நாற்காலியில் ராணி கண்ணை மூடிக்கொண்டு எதிர் மூலையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

சத்தத்தை நிறுத்தினான். அங்கிருந்தே மெதுவாக, "ராணி" என்றான்.

அவள் வலதுபக்கம் திரும்பினாள். கண் மூடியபடியே சிரித்தாள். "இன்னாங்க, இந்த தடவ சரியா?"

"கண்ணத் தொற."

திறந்தவள் வலது மூலையில் அவனைத் தேடினாள். பிறகு கழுத்தைச் சுற்றித் திருப்பி, இடது மூலையில் பெட்டி மேல் கை வைத்து நின்றவனைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"கொழம்ப பாத்துட்டு வரேன்."

"உக்காரு. எத்தினி நாளா இப்பிடி?"

முந்தானையால் முகத்துத் தூளைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "ஆறு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சி. காய்ச்சல் வுட்டப்ப இந்த எடது காது போயிடிச்சி. நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப அம்மா சொல்லக்கூடாதுன்னுடிச்சி. ஒரு காதுதான் நல்லா கேக்குதேன்னுச்சி. அப்பறம் கல்யாணம் ஆயிடிச்சி. அருளு பொறந்துட்டா. சொல்றதுக்குன்னு ஒரு நாளு தோதா வரவே இல்ல."

சார்லஸ் வெளியே போய் வேனில் ஏறி உட்கார்ந்தான். வெயிலில் சீட்டு கொதித்தது. இருபத்திரண்டு வருஷம். அவள் வீட்டார் எல்லோரும் சேர்ந்து அவனை ஏமாற்றியிருக்கிறார்கள். முதலில் அந்தக் கோபம்தான் வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் எழுப்பி இடம் மாற்றி அவனைத் தனக்கு வலதுபக்கம் வைத்துக்கொள்வாள். ரோட்டில் நடந்தால் சுற்றிக்கொண்டு வந்து அவனுக்கு இடதுபக்கம் சேர்ந்துகொள்வாள். அது ஏதோ ஆசை என்று அவனாக நினைத்து, வேன்காரர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

அருள் கைக்குழந்தையாக இருந்த வருஷம் நினைவுக்கு வந்தது. அந்த வருஷம் முழுக்க அவள் இடதுபக்கமாகவே ஒருக்களித்து, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தாள். 'புள்ள வந்ததும் புருசன் வேணாம்னு ஆயிடிச்சி' என்று சண்டை போட்டிருக்கிறான். கேட்கும் காது தலையணையில் புதைந்துவிட்டால் பிள்ளை அழுவது தெரியாது என்பதற்காக அப்படிப் படுத்திருக்கிறாள். பிறகு கரியமாணிக்கத்தில் அக்கா வீட்டு விசேஷம். பந்தியில் மூன்று தடவை கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. 'இன்னாடி திமிரா?' என்று அத்தனை பேர் முன்னால் கத்தினான். 'கவனிக்கலங்க' என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் சொம்பை எடுத்து வந்தாள். அன்றைக்கு எந்தப் பக்கம் நின்று கூப்பிட்டோம் என்று யோசித்துப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

உள்ளே வந்தபோது குழம்பு அடிப்பிடித்த வாசனை. அவள் அதே நாற்காலியில் இருந்தாள். தலையில் தூள் அப்படியே இருந்தது. அவளுக்கு வலதுபக்கமாகப் போய்த் தரையில் உட்கார்ந்தான்.

"அருளுக்குத் தெரியுமா?"

"மூணு வயசுலயே தெரியும். ரகசியம் சொல்லணும்னா இந்தப் பக்கமா ஓடியாந்துதான் சொல்லுவா."

"அப்ப இந்த வூட்டுல நாந்தான் செவிடன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். அவன் எழுந்து, தலையில் இருந்த தூளைத் துண்டால் தட்டிவிட்டான். முதலில் வேகமாகத் தட்டினான். பிறகு மெதுவாக, ஒவ்வொரு கற்றையாக.

"பின்னாடி ரெண்டையும் கழட்டிடட்டா?" என்று அவள் வலது காதருகே கேட்டான். "எல்லாத்தையும் இந்தப் பக்கமே மாட்டிடறேன்."

"இன்னா மனுசன் நீங்க! நாலு ஓட்ட போட்டாச்சி. பெட்டி இல்லாம செவுரு மூளியா இருக்கும். ஒயர ஒழுங்கா மாத்திக் குடுங்க."

தீய்ந்த குழம்பை ஒதுக்கிவிட்டு ரசத்தோடு சாப்பிட்டார்கள். நாளைக்கு லீவு சொல்லிவிட்டுக் காது டாக்டரிடம் போகலாம் என்றான். பார்க்கலாம் என்றாள். மூன்று மணி வெயில் உள்ளே வராமல் ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் பாயை விரித்தான். இந்த முறை இடம் மாற்றவேண்டிய வேலையை அவளுக்கு வைக்காமல், அவனாகவே வலதுபக்கம் உட்கார்ந்துகொண்டான்.

ஏதோ ஒரு காட்டுப் படம். மழை விட்ட பிறகு காட்டில் ஒரு பெண் தனியாக நடந்துபோகிறாள். திரையில் மரங்களைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. திடீரென்று சார்லசின் தலை பின்பக்கம், இடது மூலைக்குத் திரும்பியது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ராணி திரையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண் போன திசையை மெல்லத் தொடர்ந்து அவளும் திரும்பினாள்.

"இன்னாங்க அது?"

"யானை. மூங்கில ஒடிக்குது."

கறுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பல்லி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மூலையில் நிஜமாகவே யானை வந்து நிற்பதைப்போல, இருவரும் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.