சோபாவின் கை

“பொலிஸ் வந்து வீட்டைப் பாக்கோணும், அண்ணை. ஒருக்கா வந்து பாத்திட்டுப் போயிடுவினம். நீங்கள் ஓம் எண்டால் போதும்.”

லண்டன் ஹரோவுக்கு வந்து இறங்கிய அன்றே பாலேந்திரா அண்ணை எனக்கு ஒரு சட்டம் சொன்னார்: இந்த வீட்டில் எதையும் கேள், பொலிசை மட்டும் வாசலுக்கு வரவைக்காதே. கள்ளன் புகுந்தாலும் கூப்பிடாதே. ஐந்து வருடம் அதைக் காப்பாற்றினேன். இப்போது கேட்டுவிட்டேன்.

அண்ணை குசினி மேசையைப் பார்த்தார். விரித்த பேப்பரில் ஒரு துவக்கின் மரப்பிடி மல்லாந்து கிடந்தது. பின்கதவைத் திறந்துவைத்து, கையுறை போட்டு, வார்னிஷ் உரிக்கும் மருந்தைப் பூசியிருந்தேன். பழைய வார்னிஷ் கொப்பளித்து எழும்பிக்கொண்டிருந்தது.

“துவக்குக்குப் பயந்துதானேடி இங்க ஓடி வந்தனாங்கள்?”

“நீங்கள் பயந்து வந்தனீங்கள். நான் நீங்கள் கூப்பிட்டு வந்தனான்.”

எங்கள் குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். எஞ்சினியரிங் படிக்கும்போது யூனிவர்சிட்டி கிளப் ஒன்றில் குப்புறப் படுத்துக் காகித வட்டங்களைச் சுடப் பழகினேன். நன்றாகச் சுடுவேன், அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் கிளப் துவக்கு ஆறடி ஆணுக்கு அளந்து செய்தது. இப்போது கிளப்பில் ஒருவர் சுடுவதை விடுகிறார். அவருடைய துவக்கு என் தோளுக்கு அளவெடுத்த மாதிரி. மாத முடிவுவரை எனக்காக வைத்திருப்பார், பிறகு வேறு ஆளுக்குப் போய்விடும். லைசன்ஸ் வேண்டுமென்றால் வீட்டுச் சுவரில் இரும்பு அலுமாரி பூட்ட வேண்டும், அதைப் பொலிஸ் வந்து பார்க்க வேண்டும். அந்தத் துவக்கின் குழாயும் விசையும் கிளப்பில் பூட்டிக் கிடந்தன. வெறும் மரத்துக்கு லைசன்ஸ் தேவையில்லை என்பதால் பிடியைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தேன்.

அண்ணை கோட்டை எடுத்துக்கொண்டு ஷிப்டு வேலைக்குப் போனார்.

அந்தக் கிழமை முழுவதும் அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் வேலையை நிறுத்தவில்லை. வார்னிஷை வழித்தேன், ஸ்பிரிட்டால் துடைத்தேன். பிடியில் இருந்த பள்ளங்களில் ஈரத்துணி வைத்துச் சூடேற்றிய அயனால் அழுத்தினேன்.

“ஐயோ, என்ர புது அயன்!” என்று ஓடிவந்தா அண்ணையின் மனைவி, சிவனேஸ்வரி மச்சாள்.

“பாருங்கோ மச்சாள்.”

நீராவி இறங்கி, நசுங்கியிருந்த நார் எழும்பியது. துணியை எடுத்தபோது பள்ளத்தைக் காணவில்லை. மச்சாள் விரலால் தடவிப் பார்த்தா. பிறகு குனிந்து, “இங்கையும் ஒண்டு கிடக்குதடி,” என்றா.

புதன்கிழமை கத்தரினிடம் பேசினேன். வேலையிடத்துத் தோழி, மன்னார்ப் பெட்டை. சவுத்தாலில் அவள் வீட்டு மேலறை சும்மா கிடந்தது.

“என்னட்டை வாவன். பொலிஸ் வரட்டும், தேத்தண்ணி போட்டுக் குடுப்பன்,” என்றாள்.

“சனிக்கிழமை வரைக்கும் அண்ணை என்ன சொல்லுறார் எண்டு பாக்கிறன். ஓம் எண்டால் அங்கயே, இல்லையெண்டால் உன்னட்டை.”

சனிக்கிழமை காலை முதல் எண்ணெய். அண்ணை தன் கிரிக்கெட் பேட்டுக்கு வாங்கிவைத்த லின்சீட் எண்ணெயில் துணியைத் தோய்த்துத் தேய்த்தேன். வெளிறிக் கிடந்த வால்நட் மரத்தில் கருஞ்சிவப்பு ரேகைகள் எழுந்து வந்தன. வாசல் மணி அடித்தது. தமிழ்ப் பள்ளிக் கூட்டத்துக்கு அண்ணையை ஏற்றிப்போக வந்த அவருடைய சிநேகிதர் கணேசலிங்கம் அண்ணை. அவர் குசினிக்குள் கால் வைக்க, அண்ணை பாய்ந்து வந்து ஒரு டவலைப் பிடியின் மேல் எறிந்தார்.

“அண்ணை! எண்ணெய் காயேல்ல!”

இழுத்து எடுத்தேன். பஞ்செல்லாம் மரத்தில் ஒட்டியிருந்தது.

“என்ன தங்கச்சி இது?” என்றார் கணேசலிங்கம் அண்ணை.

“சோபாவின்ர கை. கழண்டு போச்சு,” என்று அண்ணை முந்திக்கொண்டார்.

கணேசலிங்கம் அண்ணை குனிந்து பார்த்தார். அவருடைய கை தானாகத் தன் பிடரிக்குப் போனது.

“ஆமிக் காம்பில ஒரு கிழமை என்னை இந்தச் சோபாவிலதான் இருத்தி வைச்சவங்கள், பாலேந்திரா.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அவரே சிரித்தார். “நீ சுடுறனியோ, பிள்ளை?”

“ஓம். பேப்பரை.”

“பேப்பர் திருப்பிச் சுடாது. நல்ல விளையாட்டு. பாலேந்திரா, நான் காருக்குள்ள நிக்கிறன்.”

அவர் போனதும் அண்ணை வெடித்தார். “நாளைக்கு வெஸ்ட் ஈலிங் கோயில் முழுக்க இதுதான் கதை! பொலிஸ் இந்த வாசலை மிதிக்க ஏலாது. இது என்ர வீடு!”

என் பட்டமளிப்புப் படத்தை ஹோலில் மாட்டி, வருகிறவர்களை எல்லாம் கூட்டிப்போய்க் காட்டுகிற அண்ணை. நான் ஒரு கிழமை உரித்துத் தேய்த்த மரம் அவருக்குச் சோபா.

“என்னட்டை எதைக் கேட்டாலும் தருவன். இது மட்டும் ஏலாது,” என்றார். குரல் இறங்கியிருந்தது. அவருக்குப் பயம் என்று எனக்கு விளங்கியது. அந்தப் பயத்துக்குள் நானும் இருக்கவேண்டும் என்று கேட்டதுதான் விளங்கவில்லை.

“சரி அண்ணை.”

ஒட்டிய பஞ்சை ஸ்பிரிட்டால் துடைத்து எடுத்தேன். மச்சாள் ஹூவர் மெஷின் வந்த பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினா. ஈரம் எங்கும் படாமல் பிடியை அதற்குள் கட்டி நிறுத்தினேன். உடுப்புப் பையை வியாழக்கிழமையே அடுக்கியிருந்தேன்.

ஹோலில் நின்று கத்தரினுக்குப் போன் எடுத்தேன்.

“வாறன்.”

“பொலிசோட வாறியோ, தனியவோ?”

“இப்ப தனிய. அவை பிறகு வருவினம்.”

அண்ணை படிக்கட்டடியில் நின்றார். “எங்கயடி போறாய்?”

“சவுத்தாலுக்கு. அட்ரஸ் மச்சாளிட்டை இருக்கு. எப்பவும் வாங்கோ.”

பெட்டியை ஒரு கையிலும் பையை மறுகையிலும் தூக்கிக்கொண்டு, கதவைக் காலால் தள்ளித் திறந்தேன். காருக்குள் இருந்து கணேசலிங்கம் அண்ணை கண்ணாடியை இறக்கி, “ரெயில் ஸ்டேஷனுக்கோ? ஏறு பிள்ளை,” என்றார்.

“இல்லை அண்ணை, நடக்கிறன்,” என்று சொல்லி நடந்தேன்.