நெய் விழாத இலை

எங்கள் குடும்பப் பந்தியில் இலையில் சோறு விழுந்ததும் நெய் விழும். சித்தூரில் என் அப்பா மாங்காய் மண்டி வைத்திருந்த காலத்திலிருந்து அப்படித்தான். என் இலையில் மட்டும் மூன்று வருடங்களாக விழுவதில்லை. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறி நெஞ்சு வலித்தபோது டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, நெய்யைக் குறைக்கச் சொன்னார். என் மனைவி தனபாக்கியம் அடியோடு நிறுத்திவிட்டாள்.

போன வருடம் வலது கை நடுங்க ஆரம்பித்தது. பார்க்கின்சன்ஸ், மூளையில் வரும் நோய் என்றார்கள்.

நகரியில் என் அக்கா சந்திரம்மா வீட்டுக் கிரகப்பிரவேசம். நெய்க் கிண்ணம் வந்ததும் தனபாக்கியம் என் இலையைக் கையால் மறைத்தாள்.

"எண்ணெ போடாத வண்டி ஆடாம இன்னா பண்ணும்?" என்றாள் அக்கா. "நீதாண்டி எந்தம்பிய காய வச்சே."

அவள் மகன் ஹரிபிரசாத் போனை நீட்டினான். "ஆமா மாமா, இதுல போட்டுக்கீது. கொலஸ்ட்ரால் கம்மியானா இந்த நோவு வரும்னு."

பந்தியே தனபாக்கியத்தைப் பார்த்தது. எங்கள் வம்சத்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்தவர் இல்லை. நான் எழுந்தேன்.

"எம்பொண்டாட்டிய பேசற வீட்ல எனக்கு சோறு எறங்காது."

அவளும் எழுந்து என் பின்னால் வந்து பஸ் ஏறினாள்.

மறுவாரம் அவளைத் திருப்பதிக்கு, எனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் சபீனாவிடம் அழைத்துப்போனேன். "நீங்களே இவகிட்ட சொல்லுங்கம்மா."

"மூளைக்கு வேண்டிய கொலஸ்ட்ராலை மூளையே செஞ்சுக்கும்மா. ரத்தத்துல ஓடறது அதுக்குள்ள போறதில்ல. நெய்ய நிறுத்தினதால இது வரல."

"போன்ல போட்டுக்கீதே?" என்றாள் தனபாக்கியம்.

"சில ஆராய்ச்சி அப்படிச் சொல்லுது, சிலது மாத்திச் சொல்லுது. இன்னும் முடிவாகல."

"முடிவாகலன்னா, இருந்தாலும் இருக்கலாம்?"

"உங்க மேல தப்பே இல்லம்மா. அவரோட கொலஸ்ட்ரால் மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க."

தனபாக்கியம் தலையாட்டினாள். வெளியே வந்ததும், "இவ்ளோ தூரம் வந்தாச்சு, மலைக்குப் போய் மூணு கத்தரி முடி குடுத்துட்டு வந்துடறேன்" என்றாள். எங்கள் வீட்டுப் பெண்கள் நுனி முடியில் மூன்று வெட்டுக்குமேல் கொடுத்ததில்லை. மனம் தெளிந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

முடி கொடுக்கும் மண்டபத்திலிருந்து மொட்டைத் தலையோடு வந்தாள். குங்குமம் மட்டும் நெற்றியில் இருந்தது.

"இன்னா வேலை இது?"

"தப்பு பண்ணவ வேற இன்னா குடுக்கறது?"

"டாக்டரம்மா சொன்னத கேட்டே இல்ல?"

"அவங்க சொன்னாங்க. உங்க கை நிக்கலியே."

சந்தனம் வாங்கினேன். அவள் கையை நீட்டினாள், நான் கொடுக்கவில்லை. நாலு பேர் எதிரில் நான் அவளைத் தொட்டது கிடையாது. அன்று அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று அவள் தலையில் பூசினேன். கை ஆடி, சந்தனம் காதிலும் தோளிலும் வழிந்தது.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டத்தை நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. அவள் கையும் சேர்ந்து ஆடியது.