இமோஜின் உள்ளே வந்த சாயங்காலம்

என் அம்மாவின் பெயரை ஒரு காட்டுப்பன்றிக்கு வைத்தவன் என் கணவன் ஹோலிஸ். அம்மா பெயர் இமோஜின். மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்ப்பவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டோமே என்ற ஆத்திரத்தில், சாகும்வரை அவள் எங்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. வாசல்படியில் நின்றே கொண்டுவந்ததைக் கொடுப்பாள், மூக்கைச் சுளித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பாள், போய்விடுவாள். அந்தப் பன்றியும் கூண்டு வாசலில் அப்படித்தான் நின்றது.

"அச்சு அசல் உங்கம்மாதான் நெல்டா. மோப்பம் புடிக்குது, மூஞ்சியத் திருப்பிக்குது, உள்ள மட்டும் வரமாட்டேங்குது."

"எங்கம்மாவுக்கு மூக்கு இதைவிட லட்சணமா இருக்கும்."

ஹோலிஸ் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாய் நழுவி, நான் ஓடிப்போய்ச் சரிசெய்தேன். நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அதனால் எங்களுக்குள் மரியாதை எல்லாம் கிடையாது. அவன், இவன், வாடா, போடிதான்.

ட்ரினிட்டி ஆற்றுப் படுகையில் ப்ரூயிட் அம்மாளுக்குச் சொந்தமான நிலத்தை, ஹோலிஸும் அவன் கூட்டாளி டாய்லும் மான் வேட்டைக்காக வாலிபத்திலிருந்தே குத்தகைக்கு வைத்திருந்தார்கள். எத்தனை மான் அடித்தார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மரத்தின் மேல் கட்டிய பரணில் தோளோடு தோள் உட்கார்ந்து பொழுது விடிவதைப் பார்ப்பார்கள். பிறகு தகரக் கொட்டகையில் பீன்ஸ் வேகவைத்துத் தின்றுவிட்டு, போன வருடம் பேசிய கதையையே மறுபடி பேசுவார்கள். டாய்லின் மனைவி அவனை விட்டுப் போனபிறகு, டவுனில் குடியிருக்க ஒரு டிரெய்லர் வண்டியும் அந்த நிலமும்தான் அவனுக்கு மிச்சம். டிரெய்லரை அவன் வீடு என்று சொல்லிக் கேட்டதில்லை. நிலத்தைச் சொல்லியிருக்கிறான்.

அங்கே பன்றிகள் புகுந்தன. முதலில் ஒன்றிரண்டு, அப்புறம் குட்டியும் குடும்பமுமாக ஒரு கூட்டம். ஓடைக்கரை முழுக்க ஏர் ஓட்டியதுபோலக் கிளறிப் போட்டன. ஓக் மரத்தடியில் மானுக்கு ஒரு கொட்டையைக்கூட மிச்சம் வைக்கவில்லை. மானுக்கென்று வைத்த சோளப் பீப்பாயை உருட்டித் தள்ளின. மான்கள் ஆற்றைத் தாண்டிப் போய்விட்டன. ப்ரூயிட் அம்மாளின் புல்வெளியில் டிராக்டர் சக்கரம் இறங்கி மாட்டிக்கொள்ளும் அளவுக்குக் குழிகள். அந்த அம்மாள் டாய்லைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

"வில் வேட்டை சீசன் தொடங்கறதுக்குள்ள இந்தப் பன்னிங்கள ஒழிச்சுக் கட்டணும் டாய்ல். ஹூஸ்டன்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஹெலிகாப்டர்ல வந்து சுடுவாங்களாம். உன்னால ஆகலேன்னா குத்தகைய அவங்களுக்கு எழுதிடுவேன். என்னக் குறை சொல்லாத."

டாய்ல் கூண்டு கட்டினான். இரும்பு வலைச் சட்டங்களை வட்டமாக நிறுத்தி, ஒரு பக்கம் தூக்கி மாட்டிய கதவு, கம்பத்தில் ஒரு கேமரா, உள்ளே புளிக்கவைத்த மக்காச்சோளம். பன்றி வந்தால் போன் அதிரும், படம் தெரியும். போனில் பொத்தானை அமுக்கினால் அங்கே கதவு விழும். அந்தப் பொத்தானை ஹோலிஸின் போனில் ஏற்றி அவன் கையில் கொடுத்தான்.

"என் போன் ஓட்ட டப்பா, இதெல்லாம் அதுல வராது. நீதான் சும்மா படுத்துக் கெடக்கறியே, வேலையப் பாருடா."

அன்று டாய்ல் மேல் வீசிய சோள நாற்றம் திரைச்சீலையில் ஒரு வாரம் இருந்தது. பன்றியோடு சேர்ந்த கன்றும் மலம் தின்னும் என்று சொல்லித் திட்டினேன். ஆனால் உள்ளுக்குள் அவனைக் கட்டிப்பிடித்து அழலாம் போலிருந்தது. ஏனென்றால் அதற்கு முன்பு ஹோலிஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டிருந்தான். மான் வேட்டைக் காலம் வரை தாங்காது என்று டாக்டர் சொன்னதிலிருந்து சூப்பைக்கூடத் தொடவில்லை. அந்தப் பொத்தான் வந்தபிறகு, சாயங்காலம் ஆனால் தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னான். தலையைச் சீவிவிடச் சொன்னான்.

"பன்னி உன்னப் பாக்கப் போறதில்ல," என்றேன்.

"உங்கம்மா வர்ற நேரம்டி. ஒழுங்கா இருக்க வேணாமா?"

பொழுது சாயும் நேரத்துக்குப் போன் அதிரும். அடுத்த நொடியே சமையலறை போன் அலறும். டாய்ல்தான். ஒலிபெருக்கியில் போட்டு ஹோலிஸ் பக்கத்தில் வைப்பேன்.

"என்னடா வந்துச்சு?"

"எல்லாம் உள்ளதான் இருக்கு. இமோஜின் மட்டும் வெளிய."

"அமுக்கித் தொலையேண்டா! ஒண்ணுதானே?"

"ஒண்ணா? அதுதாண்டா தலைவி. அது தப்பிச்சா அடுத்த கூட்டத்துக்கே பாடம் எடுக்கும். அப்புறம் இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரு பன்னி கூண்டுப் பக்கம் வராது."

"எனக்குப் பன்னிப் பாடம் நடத்தாத. நான் கூண்டு கட்டறப்ப நீ டயப்பர்ல இருந்த."

"நீ கட்டின கூண்டுல உன் மாடே நிக்காது."

இப்படியே அரைமணி நேரம். சொல்லக் கூசும் வசவெல்லாம் வரும். ஆனால் விஷயத்தில் ஹோலிஸ் சொன்னது சரிதான். பாதியைப் பிடித்து மீதியை விடுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை என்று பன்றி பிடிக்கிற எல்லோருக்கும் தெரியும். டாய்லுக்கும் தெரியும். போனை வைத்தபிறகு ஹோலிஸ் ஒரு கிண்ணம் பீன்ஸ் சாப்பிடுவான், சோளரொட்டியைத் தொட்டுக்கொண்டு.

செப்டம்பர் முடியப்போகிற சமயம். போன் அதிர்ந்தபோது நான் அவன் கட்டிலில் உட்கார்ந்து நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். இருவருமாகத் திரையைப் பார்த்தோம். குட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தின்றன. இமோஜின் வாசலில் நின்றது. கிழிந்த காதை ஆட்டியது. ஒரு காலை உள்ளே வைத்தது, எடுத்தது. பிறகு, என்ன தோன்றியதோ, நேரே உள்ளே நடந்துபோய்ச் சோளத்தில் வாயை வைத்தது.

"ஹோலிஸ்! உள்ள போயிடுச்சு. அமுக்கு!"

அவன் கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன், அவன் திரையைப் பார்த்தான். அது ஆற அமரத் தின்று முடித்தது. வெளியே வந்தது. மற்றவை பின்னால் வந்தன. ஹோலிஸ் போனைக் கவிழ்த்துப் போர்வையின் மேல் வைத்தான்.

"உனக்குப் புத்தி பேதலிச்சுடுச்சா? டாய்லோட நிலம்டா அது!"

"தெரியும்."

"பின்ன?"

"அமுக்கிட்டா நாளைக்கு நான் எதப் பாக்கறது நெல்டா?"

 நாற்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவனின் கையை எடுத்து மிச்ச நகங்களை வெட்டிவிட்டேன். அன்று டாய்லின் அழைப்பு உடனே வரவில்லை. நான் பாத்திரமெல்லாம் கழுவி முடித்தபிறகு வந்தது. நானே எடுத்தேன்.

"இமோஜின் வந்துச்சா?" என்றான்.

"வந்துச்சு. வாசல்லயே நின்னுட்டுப் போயிடுச்சு."

"சரி," என்றான். திட்டவே இல்லை. "நாளைக்குப் பாப்போம்."

அவனிடம் அதுவரை நான் பொய் சொன்னதில்லை. அன்று என் புருஷனுக்காகச் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாளும் அதே பொய்யைச் சொல்லியிருப்பேன்.

அதற்கு அடுத்த வாரம் ப்ரூயிட் அம்மாள் ஹூஸ்டன்காரர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். மாதக் கடைசிக்குள் கொட்டகையையும் கூண்டையும் பிரித்துக்கொண்டு போகச் சொன்னாளாம். டாய்ல் அதை ஏதோ மழை வரும்போலிருக்கு என்பது மாதிரி போனில் சொன்னான்.

"கூண்டு அதுவரைக்கும் நிக்கட்டும்டா. நீ பாத்துக்கிட்டே இரு."

போனை வைத்தபிறகு ஹோலிஸின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைத்துவிட்டேன்.

"அவன் வீட்டப் புடுங்கிட்டேன்," என்றான். "அவன்கிட்ட சொல்லிடாத நெல்டா. நான் போனப்புறமும் சொல்லாத."

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நர்ஸ் வருவதற்கு முன்பு, அவன் போய்விட்டான். போன் அவன் நெஞ்சின் மேல் இருந்தது. அதை எடுத்துச் சமையலறை மேஜையில் வைத்தேன். அணைக்க மனம் வரவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குக் கொண்டுவர எல்லோருக்கும் ஒரே பண்டம்தான் தோன்றும்: பன்றித் தொடை. மேஜையில் வரிசையாக ஐந்து தொடைகள். ஹோலிஸ் இருந்திருந்தால், "பன்னிங்களும் வழியனுப்ப வந்துடுச்சுடி," என்றிருப்பான். திரும்பி அவனிடம் சொல்லப் போனேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்திருந்த கட்டிலைக்கூட அவர்களே எடுத்துப் போயிருந்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் கூட்டம் கலைந்தது. டாய்ல் மட்டும் இருந்தான். வாங்கி எத்தனையோ வருடமான கறுப்புக் கோட்டு, இப்போது பொத்தான் எட்டவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து ஆறிப்போன காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேஜைமேல் இருந்த ஹோலிஸின் போன் அதிர்ந்தது.

அதே நொடியில் டாய்லின் கோட்டுப் பையிலும் அதிர்ந்தது.

அவன் சட்டென்று பையைக் கையால் பொத்தினான். நான் அவனைப் பார்த்தேன். அவன் மேஜையைப் பார்த்தான்.

"எடு அத," என்றேன்.

எடுத்து வைத்தான். ஓட்டை டப்பா ஒன்றுமில்லை, நல்ல போன்தான். இரண்டிலும் ஒரே கூண்டு, ஒரே குட்டிகள், கீழே ஒரே சிவப்புப் பொத்தான். நொடிகூடப் பிந்தாமல் அவன் எப்படி அழைத்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எத்தன நாளா?"

"மொதல்லருந்தே. கூண்டு என்னுதும்மா, எனக்கு வராம இருக்குமா?"

"அப்ப அன்னிக்கு, இமோஜின் உள்ள போனப்ப..."

"பாத்தேன். என் வெரல் பொத்தான் மேலதான் இருந்துச்சு." காப்பிக் கோப்பையை நகர்த்தி வைத்தான். "அவன் அமுக்குவான்னு பாத்தேன். அமுக்கல. ஏன்னு எனக்குப் புரிஞ்சுது. அவன்கிட்ட குடுத்த வேலைய நான் எப்படிப் புடுங்குவேன்?"

"நான் உன்கிட்டப் பொய் சொன்னேன் டாய்ல்."

"நல்லாத்தான் சொன்ன."

"உன் நிலம் போச்சேடா!" கத்தியேவிட்டேன். துக்கமா கோபமா என்று எனக்கே தெரியவில்லை. "உனக்கு வேற என்ன இருக்கு? ஒரு பொத்தான அமுக்கறதுக்கு உனக்கு என்ன கேடு?"

டாய்ல் தொப்பியை எடுத்து மடியில் வைத்து அதன் விளிம்பைத் தடவினான்.

"அவன் இல்லாம அந்தப் பரண்ல நான் யார்கூடம்மா உக்காருவேன்? நிலத்த வெச்சுக்கிட்டு என்ன பண்றது. எனக்குச் சாயங்காலம் அரைமணி நேரம் சண்டை போட ஆளு இருந்துச்சு. அது எத்தன நாளைக்கு வருதோ வரட்டும்னு இருந்துட்டேன்."

அப்போதுதான் நான் அழுதேன். தேவாலயத்தில் அழுகை வரவில்லை, மண் போடும்போது வரவில்லை. ஐந்து பன்றித் தொடைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, மூக்கு ஒழுக அழுதேன். டாய்ல் ஒரு காகித நாப்கினை நீட்டினான். ஹோலிஸுக்கு டாய்லின் நிலத்தைப் பிடுங்கிவிட்டோமே என்ற வருத்தம் கடைசிவரை இருந்தது. இவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் நிம்மதியாகப் போயிருப்பான். சொல்லியிருந்தால் அந்தச் சாயங்காலங்கள் இருந்திருக்காது. இதில் எது நல்லது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரையில் இமோஜின் வந்தது. கூண்டு வாசலில் நிற்கக்கூட இல்லை. தன் வீட்டுக்குள் போவதுபோல் உள்ளே போனது.

"எல்லாம் உள்ள இருக்கு," என்றான் டாய்ல்.

"நிலம்தான் போயிடுச்சே. இப்ப எதுக்கு?"

"பக்கத்துக் காடெல்லாம் இருக்கே, அதையும் கிளறிப் போடும். பன்னி பன்னிதாம்மா. எடுத்த வேலைய முடிச்சுட்டுத்தான் கூண்டப் பிரிக்கணும். நீயே அமுக்கு. அவன் போன்லருந்து."

ஹோலிஸின் போனைக் கையில் எடுத்தேன். கண்ணாடியில் அவன் கட்டைவிரல் ரேகை இன்னும் இருந்தது. அதன் மேலேயே என் விரலை வைத்து அமுக்கினேன். கதவு சத்தமே இல்லாமல் விழுந்தது. குட்டிகள் வலையில் போய் மோதின. இமோஜின் மட்டும் ஓடவில்லை. மூடின கதவுக்கு முன்னால் வந்து, மூக்கை நீட்டி மோந்து பார்த்துக்கொண்டு நின்றது.

டாய்ல் எழுந்தான். அந்தக் கறுப்புக் கோட்டோடேயே வண்டியில் ஏறித் துப்பாக்கியோடு போனான். நான் பாத்திரங்களைத் துலக்கி, யார் வீட்டுத் தட்டு எது என்று பிரித்து அடுக்கினேன்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்துக்கு, எந்த வேலையும் ஓடாமல், போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னையறியாமல் தலையைச் சீவியிருந்தேன். போன் அதிரவில்லை. சமையலறை போன்தான் அலறியது.

"என்ன வந்துச்சு?" என்றான் டாய்ல்.

"ஒண்ணும் வரல."

"ம்."

 இருவரும் போனை வைக்கவில்லை.