ஸ்தோத்திரத்துக்கு நின்ற ஞாயிறு

ஏத்தன் வாழைக்குலையைத் தலையிலிருந்து இறக்கிக் கோயில் வாசலில் வைத்தபோது தோள் விண்ணென்று தெறித்தது. மரம் விழுந்த அன்று கொப்பு உரசிய இடம். கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் நடுவதற்காகக் காடு வெட்டிக்கொண்டிருந்தோம். எதிர்ப்பக்கம் சாய வேண்டிய மரம் திரும்பி எங்கள் மேல் வந்தது. எனக்கு ஒரு கீறல். கையெட்டும் தூரத்தில் நின்ற செல்வதாஸ் அதோடு போய்விட்டான்.

ஆபத்துக்குத் தப்பியவர்கள் காணிக்கையோடு வந்து, எல்லார் முன்பும் நின்று, கர்த்தர் காப்பதைச் சொல்லும் சங்கீதத்தை வாசிப்பது எங்கள் சபை வழக்கம். எழுத்து தெரியாதவனுக்காக உபதேசியார் வாசிப்பார்; அவன் தலைகுனிந்து நின்றால் போதும். நான் தலை நரைத்த பிறகு இராப்பள்ளியில் எழுத்து படித்தவன். “ஏலே, படிச்சு ஜட்ஜி ஆவப்போறியா?” என்று செல்வதாஸ் கேலி செய்துகொண்டே இருப்பான். படிக்காமலே இருந்திருக்கலாம் என்று இந்த வாரம் முழுக்க நினைத்தேன்.

நன்றி இல்லாமல் இல்லை. அதை எடுத்துச் சொல்ல உடம்பில் தெம்பில்லை. இரண்டு மாதம் போகட்டும் என்று என் மனைவி தேவகனியிடம் கெஞ்சினேன். செல்வதாஸின் மனைவி பூங்கனி வந்து உட்கார்ந்திருப்பாளே, அவள் முகத்துக்கு நேரே நான் எப்படி நிற்பேன் என்றேன்.  அவளோ விடியுமுன் குலையை வெட்டி வைத்துவிட்டாள்.

“நாளைக்கும் நீங்க காட்டுக்குத்தானே போணும்” என்றாள். “நன்றி கெட்ட வீடுன்னு கர்த்தரு கைய எடுத்துட்டாருன்னா?”

பெண்கள் பக்கம் ஓலைப்பாயில், பூங்கனி மகளை மடியில் போட்டுக்கொண்டு குனிந்திருந்தாள். முன்னால் போய் நின்று, விரலை வரியின் கீழ் வைத்துச் சங்கீதத்தை வாசித்தேன். நிழல், செட்டை, கேடகம் என்று வரும் வரிகளெல்லாம் தாண்டின. பக்கத்தில் எத்தனை பேர் விழுந்தாலும் உன்னை அது அணுகாது என்று சொல்லும் இடம் வந்தது. விரல் நகரவில்லை.

எனக்கு எழுத்து பிடிபடவில்லை என்று நினைத்து உபதேசியார் முதல் சொல்லை மெல்ல எடுத்துக் கொடுத்தார். பின்னாலிருந்து யாரோ ஒருவன் சிரித்தான். அவர் மறுபடியும் எடுத்துக் கொடுத்தார். இதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. தேவகனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாசியுங்கண்ணா.”

பூங்கனியின் குரல். 

“அன்னிக்குக் காலம்பற அவரும் இதச் சொல்லிட்டுத்தான் வீட்ட விட்டு எறங்கினாரு. எங்களுக்கு மனப்பாடம். வாசியுங்க.”

அதில் கோபம் இருந்ததா, எனக்குத் தெரியவில்லை. அவள் நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தாள். நான் விரலை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய் மூச்சை இழுத்தேன்.

நான் வாய் திறப்பதற்குள் அவள் மடியிலிருந்த பிள்ளையின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து, மறு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.