பால் வண்டிக்கு இரண்டு டயர்

என் வீட்டுக்காரர் சண்முகவேல் பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஆறு வருஷம் லாரி ஓட்டியவர். அதனால் சக்கரம் வைத்த எதைப் பற்றியும் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு.

சைகோனை ஒட்டிய கோவாப்பில் எங்களுக்கு ஏழு கறவை மாடுகள். நகரத்தில் கன்னியர் நடத்தும் மருத்துவமனைக்குத் தினமும் பால் ஊற்றும் ஒப்பந்தம் கைகூடும் போலிருந்தது. முதலில் கொண்டுவந்து காட்டுங்கள், பிறகு கையெழுத்து என்றார்கள். கிடைக்காவிட்டால் மூன்று மாட்டை விற்க வேண்டியதுதான்.

பால் கேன்களை ஏற்ற, எங்கள் பழைய காருக்குப் பின்னால் கட்டியிழுக்கும் வண்டி ஒன்றை வாங்கினார். அதன் டயர்கள் தேய்ந்து நூல் தெரிந்தது. சோலோனில் டயர் விற்கும் காரைக்கால்காரர் நத்தர்ஷா அண்ணனிடம் போனோம்.

"நாலு கேன் பாலுக்குக் கார் டயரே போதும் மச்சான். கமியோன் டயர் லாரிக்கு உள்ளது. சின்ன வண்டியில மாட்டுனா தூக்கித் தூக்கிப் போடும்," என்றார் அண்ணன்.

"பட்டாளத்துல நான் பாக்காத டயரா?"

லாரி டயர் இரண்டையும் அதற்குத் தோதான சக்கரங்களையும் எடுத்தார். காற்றையும் கல்லு மாதிரி அடிக்கச் சொன்னார். வேண்டாமென்று நானும் சொல்லிப் பார்த்தேன். கேட்கிற ஆளா?

மறுநாள் காலை செம்மண் சாலையில் வண்டி குதித்துக்கொண்டே வந்தது. மருத்துவமனை வாசலில் மாசேர் ஜெனேவியேவ் கேனைத் திறந்தார். மாசேர் என்று நாங்கள் கூப்பிடும் அந்தக் கன்னியாஸ்திரி, பெயர் பிரெஞ்சானாலும் காரைக்காலில் பிறந்த தமிழச்சி. பாலின் மேல் வெண்ணெய்த் துணுக்குகள் மஞ்சளாக மிதந்தன. அடுத்த கேனிலும் அதே கதை. வழியெல்லாம் அந்த வண்டி எங்கள் பாலைக் கடைந்திருக்கிறது.

"புள்ளைங்களுக்குப் பால் கேட்டேன். மோர் கேக்கலியே," என்றார் மாசேர்.

"டயரு கொஞ்சம்..." என்று தொடங்கிய என் வீட்டுக்காரர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். வழி நெடுக அவரை வைதுகொண்டு வந்தவள்தான் நான். ஆனாலும் அவர் அப்படி நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை.

"டயரு நான் எடுத்தது மாசேர். என் புத்திக் கோளாறு."

"பொம்பளைக்கு எதுக்கும்மா அந்த வெவகாரம்? பட்டாளத்துல இருந்த மனுஷனப் பக்கத்துல வச்சுக்கிட்டு. அவர எடுக்கச் சொல்லுங்க. நாளைக்கு ஒரு நாள் பாக்குறேன்."

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. நாளைக்கு ஒரு நாள் என்றாரே, அதற்காக வாயை மூடிக்கொண்டேன்.

அன்றே டயர் கடைக்குத் திரும்பினோம். நத்தர்ஷா அண்ணன் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதுவே பெரிய புண்ணியம். என் வீட்டுக்காரர் டயர் அடுக்கின் பக்கமே போகவில்லை.

"நீயே எடு அமிர்தம்," என்றார்.

கார் டயர்களில் வெடிப்பில்லாத இரண்டைத் தடவிப் பார்த்து எடுத்தேன். வண்டியின் பழைய சக்கரங்களில் அவற்றை மாட்டி, அண்ணன் சொன்ன அளவுக்கு மட்டும் காற்றடிக்கச் சொன்னேன். மறுநாள் விடியற்காலையில் பால் தளும்பாதபடி கேன்களையும் கழுத்துவரை நிரப்பினேன்.

பால் பாலாகவே வந்து சேர்ந்தது. மாசேர் நான்கு கேன்களையும் திறந்து பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் திரும்பினார்.

"பாத்தீங்களா? நீங்க எடுத்தா சரியா இருக்கு."

"இல்ல மாசேர், அது வந்து..." என்று அவர் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார்.

நான் அவர் காலை அழுத்தி மிதித்தேன். கையெழுத்து இன்னும் விழவில்லை.